கட்டபொம்மன் படமும் நம்ம கோவில் கோப்பும்

ஓம் சக்தி. கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிங்க. பாதியில விட்டுட்டு கருத்து மட்டும் போடாதீங்க, அது ஒண்ணுதான் என் வேண்டுகோள்.

போன சனிக்கிழமை ராத்திரி பூசையும் அன்னதானமும் முடிஞ்ச பிறகு, மண்டபத்துல 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் போட்டோம். "கோவில்ல சினிமாவா?"ன்னு ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க. ஆனா வந்த கூட்டத்தைப் பார்த்துட்டு அவங்களும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. தேவாரம் படிக்க வர்ற பிள்ளைங்க, இடைநிலைப் பள்ளி பசங்க, பினாங்குல வேலை செஞ்சு வார இறுதியில வீட்டுக்கு வர்ற தம்பிங்க, எல்லாரும் இருந்தாங்க. ஜாக்சன் துரைகிட்ட சிவாஜி வரியைப் பத்திப் பேசற அந்த இடம் வந்தப்ப மண்டபமே அதிர்ந்துச்சு. பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம். எனக்கும்தான்.

மறுநாள் காலையில நம்ம புலனக் குழுவுல ஒரு செய்தி. கோவில் நிலத்தை வாங்கியிருக்கிற புதிய முதலாளி தரப்புல கூப்பிட்ட கூட்டத்துக்கு நம்ம பொருளாளர் ஐயா போயிட்டு வந்தாரு இல்லையா, அவரைக் குறிச்சு ஒரே ஒரு சொல்: "எட்டப்பன்". கீழே வரிசையா கட்டைவிரல். அதுல ஒரு கட்டைவிரல் என்னோடது.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஏன்னு யோசிச்சுப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

முதல்ல படத்தைப் பத்திச் சொல்லிடறேன். 1959ல வந்த படம். பி.ஆர்.பந்துலு எடுத்தது, சக்தி டி.கே.கிருஷ்ணசாமி வசனம், ஜி.ராமநாதன் இசை. மறு வருஷம் கெய்ரோவுல நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவுல சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு கிடைச்சது. இதெல்லாம் நிறைய பேருக்குத் தெரியும். ஆனா அந்தப் படம் நம்ம தோட்டங்களுக்கு வந்தப்ப என்னவா இருந்துச்சுன்னு இப்ப உள்ள பிள்ளைங்களுக்குத் தெரியாது.

நான் அந்தப் படத்தை முதல்ல பார்த்தது எங்க தோட்டத்துத் திடல்ல. ரெண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவாங்க. லயத்துல இருந்து பாய், தலையணை, தேநீர் குவளையோட சனம் வந்து உட்காரும். எங்க அப்பா காலையில பால் மரம் வெட்டப் போகணும், இருந்தாலும் கடைசி வரைக்கும் இருப்பாரு. அங்க மேட்டு மேல துரை பங்களா. இங்க திரையில ஜாக்சன் துரை. ஜாக்சன் முகம் கறுத்துப் போறப்ப, எங்க சனங்க திரும்பி மேட்டைப் பார்த்துச் சிரிப்பாங்க. பெரட்டுல கைகட்டி நிக்கிறவங்களுக்கு, துரைக்கு எதிரா நிமிர்ந்து நின்னு பேசற ஒரு ஆளைப் பார்க்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. அந்தப் படம் நம்ம ஆளுங்களுக்கு முதுகெலும்பு கொடுத்த படம். அதை நான் ஒருநாளும் குறைச்சுப் பேச மாட்டேன்.

ஆனா போன சனிக்கிழமை, இந்த வயசுல பார்த்தப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மூணு மணி நேரத்துக்கு மேல ஓடற படத்துல போர் வர்றது கடைசிப் பகுதியிலதான். மீதி நேரமெல்லாம் போருக்கு முன்னால நடக்கிறது. ஓலை வருது, ஆள் வருது, ஒருத்தர் கூப்பிடறாரு, இன்னொருத்தர் போறாரு, பக்கத்துப் பாளையத்துல பொறாமை, வீட்டுக்குள்ள பயம், கோவில்ல வேண்டுதல். நாம வசனத்தைப் பிடிச்சுக்கிட்டோம். இதையெல்லாம் விட்டுட்டோம்.

வரலாற்றுல அந்த முன்கதை எப்படின்னு பாருங்க. 1798 ஆகஸ்ட்ல கலெக்டர் ஜாக்சன், ராமநாதபுரத்துக்கு வந்து பார்க்கச் சொல்லி ஆணை அனுப்பறாரு. கட்டபொம்மன் போறாரு. ஆனா ஜாக்சன் ஒரு இடத்துலயும் அவரைப் பார்க்கல. ஊர் ஊரா முகாமை மாத்திக்கிட்டே போறாரு. குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர்னு பின்னாலேயே அலைய விடறாரு. 23 நாள், ஏறக்குறைய 400 மைல். கடைசியில செப்டம்பர்ல ராமநாதபுரத்துல சந்திப்பு. அங்க அவரை நிக்க வச்சே பேசினாங்க. பிடிக்கப் பார்த்தாங்க. கைகலப்புல லெப்டினன்ட் கிளார்க் செத்தாரு. கட்டபொம்மன் தப்பிச்சுட்டாரு. அவரோட தானாபதி சுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கிட்டாரு.

படம் பார்த்துட்டு வந்த யார்கிட்ட வேணா கேளுங்க, இது வரைக்கும் சொல்லிடுவாங்க. அடுத்து நடந்ததைக் கேளுங்க, யாருக்கும் நினைவு இருக்காது.

அடுத்து கட்டபொம்மன் செஞ்ச காரியம், மெட்ராஸ் கவுன்சிலுக்கு முறையீடு எழுதினது! ஜாக்சன் இப்படி நடந்துக்கிட்டாருன்னு எழுத்துல புகார் கொடுத்தாரு. கம்பெனி ஒரு விசாரணைக் குழு போட்டுச்சு. அந்த டிசம்பர்ல அவரு போய் குழு முன்னால நின்னாரு. குழு அவர் மேல குற்றம் இல்லைன்னு சொல்லிச்சு. தானாபதிப் பிள்ளையை விட்டாங்க. ஜாக்சன் பதவி போச்சு. புதுசா லூஷிங்டன் வந்தாரு.

இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. ஜாக்சன் துரையைக் கவிழ்த்தது வசனம் இல்லை, மனு. கத்தி பிடிச்ச அதே கைதான் அந்த மனுவையும் அனுப்புச்சு. அவரும் வீரபாண்டிய கட்டபொம்மன்தான். ஆனா அந்தக் கட்டபொம்மனுக்கு நம்ம மண்டபத்துல யாரும் கை தட்டல.

பிறகு எப்படி போர் வந்துச்சு? 1799ல மருது சகோதரர்களோட சேர்ந்து பாளையக்காரர் கூட்டணி உருவாகுது. சிவகிரிக்காரர் சேர மாட்டேன்னுட்டாரு. அவரைப் பணிய வைக்க, படை அந்தப் பக்கம் நகருது. எங்களுக்குக் கட்டுப்பட்ட பாளையத்து மேல எப்படிக் கை வைக்கலாம்னு கம்பெனி அதையே காரணமா எடுத்துக்கிச்சு. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஏற்கனவே எல்லைத் தகராறு. அதுவும் கம்பெனிக்கு வசதியாப் போச்சு. செப்டம்பர் 1ல பானர்மேன் கெடு வைக்கிறாரு, 4ஆம் தேதிக்குள்ள பாளையங்கோட்டைக்கு வரணும்னு. 5ஆம் தேதி கோட்டை மேல குண்டு விழுது. அக்டோபர் நடுவுல கயத்தாறுல எல்லாம் முடிஞ்சு போச்சு. ஜாக்சன் பதவி போனதுல இருந்து தூக்குமேடை வரைக்கும் ஒரு வருஷம் கூட ஆகல.

இங்க இன்னொரு விஷயமும் சொல்லணும். கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்தது எட்டப்பன்னு நாம எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருக்கோம். எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்னது உண்மை. ஆனா காட்டுல ஒளிஞ்சிருந்தவரைப் பிடிச்சுக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். ஒரு பேரைத் திட்டுற சொல்லாவே ஆக்கிட்டோம், அந்தச் சொல்லையும் கண்டபடி வீசறோம். வரலாற்றுலயே பழி முழுசா சரியான ஆள் மேல விழலைன்னா, நம்ம புலனக் குழுவுல எப்படி விழும்?

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். தோட்டம் கைமாறி மூணு வருஷம் ஆச்சு. புது முதலாளி அங்க தாமான் கட்டப் போறாங்க. கோவிலுக்கு வேற இடத்துல நிலம் தர்றோம், பேசலாம் வாங்கன்னு கடிதம். நாம ரெண்டா பிரிஞ்சு நிக்கிறோம். ஒரு பக்கம் "ஒரு செங்கல்லைக் கூட தொட விடமாட்டோம், பேச்சே கிடையாது"ன்னு தம்பிங்க. இன்னொரு பக்கம் "கொடுக்கறதை வாங்கிட்டுப் போயிடலாம், நமக்கேன் வம்பு"ன்னு சில பெரியவங்க. நடுவுல பொருளாளர் ஐயா. சொந்தப் பெட்ரோல் போட்டு நில அலுவலகத்துக்கு அலையறவரு அவரு. அம்பது வருஷத்துக் கடிதங்களை ஒரு பழைய பிஸ்கட் டின்ல பத்திரமா வச்சிருக்கிறவரு அவரு. அவருக்குத்தான் நாம கொடுத்த பட்டம் எட்டப்பன்.

தம்பிங்க என்கிட்ட கேட்டது ஒரு நியாயமான கேள்வி. "அண்ணே, பேசிப் பேசித்தானே கட்டபொம்மனை ஏமாத்தினாங்க? பேச்சுவார்த்தைன்னாலே ஏமாத்து வேலைதானே?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு எடுத்துக்காட்டு தேடி திருநெல்வேலிச் சீமைக்குப் போக வேண்டாம், நம்ம கெடாவிலேயே இருக்கு. அதே கம்பெனி, ஏறக்குறைய அதே காலம். 1786ல சுல்தான் அப்துல்லா பினாங்குத் தீவைக் கொடுத்தது, சயாம் படை வந்தா கம்பெனி துணைக்கு வரும்ங்கிற நம்பிக்கையில. பிரான்சிஸ் லைட் ஆகஸ்ட்ல தீவுல கொடி ஏத்திட்டாரு. உதவி செய்வோம்னு கம்பெனி கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலேயே தீவு கைமாறிடுச்சு. பிறகு கம்பெனி அந்த உதவிக்கு ஒத்துக்கவே இல்லை. 1791ல சுல்தான் படை திரட்டி பிறையில நிறுத்தினாரு. லைட் முந்திக்கிட்டுத் தாக்கினாரு. கடைசியில வருஷத்துக்கு 6,000 ஸ்பானிய வெள்ளின்னு ஒப்பந்தம். 1800ல எதிர்க்கரை செபராங் பிறையும் போச்சு, தொகை 10,000 ஆச்சு.

சுல்தான் செஞ்ச தப்பு பேசினது இல்லை. எழுத்துல வராத வாக்கை நம்பிக் கையில இருந்ததைக் கொடுத்ததுதான். அதனால, கொடுக்கறதை வாங்கிட்டுப் போகலாம்னு சொல்ற பெரியவங்களுக்கும் இதுல பாடம் இருக்கு. நிலம் தர்றோம்னு வாயால சொல்றது நிலம் இல்லை. கிராண்டுல கோவில் பேர் ஏறினாத்தான் நிலம்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. இந்த நாட்டுத் தேசிய நிலச் சட்டப்படி, அடுத்தவர் பேர்ல இருக்கிற நிலத்துல எத்தனை வருஷம் இருந்தாலும், இருந்த காரணத்துக்காக மட்டும் அது நம்மளோடது ஆகாது. நம்ம தாத்தா காலத்துக் கோவில்னு சொல்றது நமக்குப் பெருமை. சட்டத்துக்கு அது போதாது.

நம்புறது கஷ்டமா இருந்தா பூஜாங் பள்ளத்தாக்கைப் பாருங்க. கடாரம், ராஜேந்திர சோழன், 1025னு மேடையில நாம முழங்கற ஊர் அதுதான். அங்க 2013ல 11ஆம் எண் சண்டி, ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வழிபாட்டு இடத்தோட எச்சம், வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்டது. அரசிதழ்ல பாதுகாப்புன்னு பதிவாகாத தனியார் நிலத்துல அது இருந்துச்சு. நாடு முழுக்க சத்தம் வந்துச்சு, ஆனா இடிச்ச பிறகு. ராஜேந்திர சோழனையும் மிஞ்சின வரலாறா நம்ம மாரியம்மன் கோவிலுக்கு?

சத்தம் முன்னால வந்தாலும் ஆபத்து இருக்கு. 2018 நவம்பர்ல சுபாங் ஜெயா சீபீல்டு மாரியம்மன் கோவில்ல நடந்ததை மறந்துட்டோமா? அங்கயும் இட மாற்றப் பிரச்சினைதான். அங்கயும் கோவில் தரப்பே ரெண்டா பிரிஞ்சு வருஷக்கணக்கா வழக்குல நின்னுச்சு. ஒரு ராத்திரி கைகலப்பு கலவரமா மாறுச்சு. வாகனங்கள் எரிஞ்சுச்சு. தீயை அணைக்க வந்த ஒரு இளம் தீயணைப்பு வீரர் காயம்பட்டு, அடுத்த மாசம் இறந்தே போனாரு. அந்தத் தாய்க்கு நாம எந்த வசனத்தைச் சொல்லி ஆறுதல் தர முடியும்?

நல்லபடியா நடந்த கதையும் நம்மகிட்ட இருக்கு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு வித்துக்கிட்டு இருந்த காலத்துல, 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரு. பாட்டாளிங்க பத்து வெள்ளி பத்து வெள்ளியா கட்டின பணத்துல தோட்டம் வாங்கினாங்க. முதல்ல வாங்கினது நம்ம கெடாவுல புக்கிட் சிடிம். அதுக்கு யாரும் பக்கம் பக்கமா வசனம் எழுதல, படம் எடுக்கல. ஆனா கூலியா இருந்த சனம் பங்குதாரரா ஆனது ரசீதும் கையெழுத்துமா சேர்ந்த அந்தப் பத்து வெள்ளியாலதான்.

சாமி கும்பிடறவங்க நாம. அதனால நம்ம புராணத்தையும் பார்ப்போம். சூரசம்ஹாரத்தை வருஷா வருஷம் பார்க்கிறோம். வேல் எடுக்கறதுக்கு முன்னால முருகப்பெருமான் என்ன செஞ்சாரு? வீரவாகு தேவரைச் சூரபத்மன்கிட்ட தூது அனுப்பினாரு. அவருக்குத் தெரியாதா சூரன் கேட்க மாட்டான்னு? தெரிஞ்சும் அனுப்பினாரு. பாரதத்துல கண்ணனே தூது நடந்தாரு. ராமாயணத்துல அங்கதன் போனாரு. தர்மப்படி பேசிப் பார்த்துட்டுத்தான் ஆயுதம் எடுக்கணும்ங்கிறது நம்ம மரபு. எதிரி சபைக்குப் போனதுக்காக வீரவாகு தேவரை எட்டப்பன்னு சொல்வீங்களா? கட்டபொம்மனே திருச்செந்தூர் முருகனோட அடியார். திருச்செந்தூர்ல பூசை முடிஞ்ச மணி, வழி நெடுக மண்டபம் மண்டபமா அடிச்சு பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் வந்த பிறகுதான் சாப்பிடுவாருன்னு சனங்க சொல்லுவாங்க. அந்த முருகன் காட்டின வழியில தூதும் இருக்கு, வேலும் இருக்கு.

கடைசியா ஒண்ணு. படம் கயத்தாறோட முடியுது. கதை அங்க முடியல. ஊமைத்துரை 1801ல சிறையை விட்டுத் தப்பி, இடிச்ச கோட்டையைத் திரும்பக் கட்டி மறுபடியும் சண்டை போட்டாரு. அதுவும் தோத்துச்சு. ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் தூக்குல தொங்கினாங்க. மிஞ்சினவங்கள்ல எழுபதுக்கும் மேற்பட்டவங்களை, சின்ன மருதுவோட மகன் துரைசாமியையும் சேர்த்து, 1802 பிப்ரவரியில தூத்துக்குடியில கப்பல் ஏத்தி நாடு கடத்தினாங்க. எங்கேன்னு தெரியுமா? பினாங்குக்கு! சுல்தான் அப்துல்லா வாக்கை நம்பிக் கொடுத்த அதே தீவுக்கு. குனோங் ஜெராய் மேல ஏறி நின்னா, வானம் தெளிவா இருக்கிற நாள்ல தெரியுமே, அந்தத் தீவுதான். ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வர்றதுக்கு முன்னாலேயே, கட்டபொம்மன் போரோட மிச்சம் நம்ம வாசலுக்கு வந்து சேர்ந்துடுச்சு.

அதனாலதான் சொல்றேன், அந்தப் படம் எங்கேயோ நடந்த கதை இல்லை, நம்ம கதை. அதைக் கோவில்ல போடக் கூடாதுன்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். அடிக்கடி போடணும். ஆனா வசனத்துக்குக் கை தட்டிட்டுக் கலைஞ்சு போனா, நாம பாதிப் படம்தான் பார்த்திருக்கோம். அடுத்த தடவை இடைவேளையில நிறுத்தி, பசங்களை ஒரு கேள்வி கேட்போம்: "இந்த இடத்துல நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

என் கருத்து இதுதான். கூட்டத்துக்குப் போகணும், பொருளாளர் ஐயாவைத் தனியா அனுப்பாம எல்லாரும் சேர்ந்து போகணும். தம்பிங்கள்ல ரெண்டு பேர், மாதர் பிரிவுல ரெண்டு பேர், கூட ஒரு வழக்கறிஞர். பேச்சு எல்லாம் எழுத்துல பதிவாகணும். மாற்று நிலத்தோட கிராண்டு கோவில் பேருக்கு மாறி நம்ம கைக்கு வர்ற வரைக்கும் ஒரு செங்கல்லும் நகரக் கூடாது. இதுல நான் தம்பிங்க பக்கம்தான். ஆனா அதைச் சொல்ல வேண்டிய இடம் மேசை, அதுவும் கோப்பைத் திறந்து வச்சுக்கிட்டு. முகநூல்ல சொல்லிப் பயன் இல்லை.

உங்க வீட்டு அலமாரியைக் கொஞ்சம் கிளறிப் பாருங்க. பழைய கும்பாபிஷேக அழைப்பிதழ், திருவிழாவுல எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், தோட்ட நிர்வாகம் கொடுத்த அனுமதிக் கடிதம், தண்ணி மின்சார ரசீது, தாத்தா கோவிலுக்குச் சந்தா கட்டின சீட்டு, எது கிடைச்சாலும் வர்ற வெள்ளிக்கிழமை பூசைக்குக் கொண்டு வாங்க. நகல் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம். நான் வாசல்ல மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன்.

பொருளாளர் ஐயா, அந்தக் கட்டைவிரலை எடுத்துட்டேன். குழுவுல எல்லார் முன்னாலயும் நடந்த தப்புக்கு எல்லார் முன்னாலயும்தான் மன்னிப்பு கேட்கணும். கேட்டுக்கறேன். அடுத்த வாரம் நில அலுவலகத்துக்கு நானும் வர்றேன். பெட்ரோல் என் செலவு.

தாயே துணை. ஓம் சக்தி.

உங்கள் ஆலயத் தொண்டூழியன்